கேட்டதைக் கொடுப்பது

'ஜின்: கேட்டதைக் கொடுக்கும் பூதம்' என்று அகராதி அலுவலகத்தில் அட்டை எழுதிய நாளிலிருந்து, அங்கே யார் எதை வாய்விட்டுக் கேட்டாலும் கிடைத்தது. தலைமை ஆசிரியரின் வழுக்கையில் முடி முளைத்தது. தட்டச்சு அக்காவின் ஜன்னலுக்கு வெளியே, பக்கத்துக் கட்டடத்துச் சுவர் இருந்த இடத்தில், கடல் வந்து நின்றது. வாரம் திரும்புவதற்குள் எல்லோருக்கும் பழகிப்போய், அலை இரைச்சல் ஜாஸ்தி என்று குறைப்பட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

அட்டைகளைச் சரிபார்க்கும் கடைசி மேசைப் பெண்ணுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் அவள்; அவளுடைய அம்மா அதே கட்டடத்தைப் பெருக்கித் துடைப்பவள். தரை தானாகவே பளபளக்கிறது என்று நினைப்பவர்களை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். சும்மா கிடைக்கிறதென்றால் எங்கோ யாரோ குனிந்திருக்கிறார்கள்.

அம்மாவும் ஒருநாள் மாடிப்படியில் நின்று, "இந்த முட்டிவலி போய்த் தொலைஞ்சா தேவலை" என்று அலுத்துக்கொண்டாள். போய்த் தொலைந்தது. எங்கே போனது என்று மகள் சந்தேகப்பட்டாள். அன்று மதியமே, ஆளில்லாத படிக்கட்டில் யாரோ காலை இழுத்து இழுத்து ஏறுவது கேட்டது. படிக்கு ஒரு முனகல், அச்சாக அம்மாவுடையது.

சொல்லின் வேரைக் கண்டபிறகே பொருள் எழுத வேண்டும் என்பது அந்த அலுவலகத்து விதி. இந்தச் சொல்லுக்கு மட்டும் பழைய அகராதியைப் பார்த்து அப்படியே இறக்கியிருந்தார்கள். அவள் தோண்டிப் பார்த்தாள். அரபு வேருக்கு மறைந்திருப்பது என்றுதான் பொருள். வயிற்றிலிருக்கும் சிசுவுக்கான சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். கொடுப்பது என்ற பேச்சே அதில் இல்லை. வேலை வாங்க நினைத்தவர்கள் பிற்பாடு ஒட்டியது அது. அட்டையில் அந்த வரியை அடித்துவிட வேண்டும் என்று ஆசிரியரிடம் போய்ச் சொன்னாள்.

"ஏம்மா, அதுக்குப் பிடிச்சிருக்கு, கொடுக்குது. உனக்கென்ன வந்துச்சு?" என்றார் ஆசிரியர், முடியைக் கோதியபடி.

"பிடிச்சிருக்கான்னு அதைக் கேட்டீங்களா சார்?"

ஆனாலும் அவள் பேனா அட்டையைத் தொடவில்லை. அம்மாவிடம் போய் நின்றாள். "அந்த வரியை அடிச்சா உனக்கு வலி திரும்பிடும்மா."

அம்மா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் காதுகொடுத்தாள். "நான் என்ன மகாராணியா, என் வலிக்கு ஒரு ஆள் வச்சுக்க? அடிச்சு விடுடி."

அடித்து, 'மறைந்திருப்பது' என்று எழுதினாள். ஆசிரியரின் முடி மேசையெல்லாம் உதிர்ந்தது. கடல் மறுபடி சுவரானது. தட்டச்சு அக்கா அவளோடு பேசுவதை நிறுத்தினார். அவள் வேலை நிரந்தரமாகும் என்ற பேச்சும் நின்றது. வருடங்கள் ஓடிவிட்டன. அம்மா இன்றும் சுவரைப் பிடித்துத்தான் ஏறுகிறாள். நடுப்படியில் மூச்சுவாங்க உட்காரும்போது, பக்கத்தில் இன்னொன்றும் உட்காரும் சத்தம் கேட்கும். "வேலை வெட்டி இல்லையா?" என்று அதட்டிவிட்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவாள். மாடிக்குப் போகிறவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டார்கள்.