கட்டி வைத்த பெயர்கள்

தென்காசியில் அச்சகம் நடத்திய பால்வண்ணநாதனுக்குச் சட்டங்கள் அதிகம். அவற்றில் ஒன்றை மட்டும் யாரும் கேலி செய்ததில்லை. கோத்த ஈய எழுத்துகளைப் பிரிக்காமல் நூல் சுற்றி அலமாரியில் வைத்தால், அடுத்த தடவை மாறுகிற வரியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கல்யாணம், கோயில் கொடை, கடை நோட்டீஸ் எல்லாம் அங்கே இருக்கலாம். கருமாதிப் பத்திரிகை மட்டும் அலமாரிக்குப் போகவே கூடாது. அடித்த கையோடு பிரித்துப் பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

அச்சுக் கோக்கும் இராமலட்சுமி அதைத்தான் மீறினாள். சுரண்டை நம்பிராஜன் தன் தகப்பனாருக்குக் கருமாதிப் பத்திரிகை அடித்தபோதே, வருஷம் திரும்புமுன் மகள் கல்யாணம் என்று சொல்லியிருந்தார். வீட்டார் பெயர்களோ நீள நீளமானவை. அதையெல்லாம் மறுபடி கோக்க யாருக்குப் பொறுமை? பெயர்களை மட்டும் நூல் கட்டி அடித்தட்டில் ஒளித்து வைத்தாள். கல்யாணப் பத்திரிகைக்கு அப்படியே எடுத்து அச்சில் பூட்டி, அடித்ததும் மறுபடி அடித்தட்டிலேயே வைத்தாள்.

பத்திரிகைக் கட்டு சுரண்டை பஸ்ஸில் போனபிறகுதான் அது உறைத்தது. சாவுக்கு நின்ற எழுத்து, மணப்பெண்ணின் பெயருக்குக் கீழே நின்றிருக்கிறது. அசட்டுத்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பயம் போகவில்லை.

குற்றாலத்தில் சீசன். ஒருநாள் பஸ் கண்டக்டர் வாசலில் நின்று சொன்னார்: "அருவியில திடீர்னு வெள்ளம். சுரண்டை நம்பிராஜன் வீட்டு ஆளை இழுத்துட்டுப் போயிட்டாம்."

"யாரை அண்ணாச்சி?"

"பொம்பளைன்னுதான் சொல்லுதாங்க."

கல்யாணப் பெண்ணைக் கொன்றுவிட்டோம் என்றே நினைத்தாள் இராமலட்சுமி.

மறுநாள் நம்பிராஜனே வந்தார். இராமலட்சுமி கேட்டாள்: "அண்ணாச்சி, கல்யாணப் பொண்ணு?"

"அவ இருக்கா. அவ கையைப் பிடிச்சிட்டு நின்னது எங்க அம்மை. அவதான் போயிட்டா." துண்டால் முகத்தைத் துடைத்தார். "கருமாதிப் பத்திரிகை அடிக்கணும்மா. அடியில போடுத வீட்டாரு பேரெல்லாம் அதேதான். எழுத்து கட்டி வச்சிருந்தா சீக்கிரம் ஆகும்லா?"

அடித்தட்டு தெரியாதபடி இராமலட்சுமி நகர்ந்து நின்றாள்.

"இல்ல அண்ணாச்சி. அப்பவே பிரிச்சாச்சு."

முதலிலிருந்து கோத்தாள். அச்சானதும் அதையும் பிரித்தாள், ஒளித்து வைத்ததையும் பிரித்தாள். எல்லாம் ஒரே பெட்டியில் விழுந்து கலந்தன. எது எதிலிருந்து வந்தது என்று இனி அவளாலும் சொல்ல முடியாது.

காலையில் முதலாளி ஆலங்குளத்துக் கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கொடுத்தார். பெட்டியின் முன் வெகுநேரம் நின்றாள். கை உள்ளே போக மறுத்தது.