ஒரு வேலையாக

கண்டியில் குத்திய விசா முத்திரைக்கு மூன்று மாத ஆயுள் என்றுதான் ராக்கப்பனுக்குத் தெரியும். அந்த ஆயுள் எந்த நாளில் பிறக்கிறது என்று அவன் கேட்கவில்லை. விருந்தாளி வாசல்படி மிதித்த நாளிலிருந்துதானே நாள் எண்ணுவார்கள்? சர்க்காரும் அப்படித்தான் எண்ணும் என்று இருந்துவிட்டான்.

அவன் தங்கை குருவம்மாள் பதினாறு வயதில் வாழ்க்கைப்பட்டு சிலோனுக்குப் போனவள். முப்பது வருடம் அந்த மலைகளில் கொழுந்து கிள்ளினாள். பிறகு இரண்டு சர்க்காரும் உட்கார்ந்து, தோட்டத்துச் சனத்தை ஆட்டுப்பட்டியில் குட்டி பிரிப்பதுபோலப் பிரித்தன. அவள் புருசனுக்குச் சிலோன் காகிதம் விழுந்தது. மருமகன் மொக்கையனுக்கு இந்தியக் காகிதம். மகள் சந்தனம் புருசன் பின்னால் கப்பலேறி வந்து, மாமன் ராக்கப்பன் வேலை செய்த, மூணாறு மலையில் பள்ளிவாசல் என்ற ஊர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலேயே பேர் பதிந்துகொண்டாள். பெற்றவள் அந்நிய நாட்டுக்காரி, பிறந்தவள் இந்த நாட்டுக்காரி என்று ஆயிற்று.

வந்த மூன்று வருடத்தில் சந்தனத்துக்கு இரண்டு பிரசவம். இரண்டும் பூமியைப் பார்க்காமலே போயின. மூன்றாவது தரித்தபோது, "எங்கம்மா பக்கத்துல இல்லாம நான் பெற மாட்டேன் மாமா, நானும் போயிருவேன்" என்று அழுதாள். ராக்கப்பன்தான் கடிதம் எழுதினான். குருவம்மாள் அப்போது தாலியறுத்தவள், தடுக்க ஆளில்லை. கண்டிக்கு நடையாய் நடந்து ஐப்பசி பிறக்கும் முன்னால் விசா வாங்கிவிட்டாள். அதற்குப் பிறகு புயல் அடித்துக் கப்பல் நின்றது. தலைமன்னாரில் ஐந்து வாரம் கிடந்து, கார்த்திகையில் வந்து சேர்ந்தாள். சந்தனத்துக்கு நாள் விழுந்திருந்தது மாசியில்.

மார்கழியில் ஒருநாள் தோட்டத்து ஆபீஸ் ரைட்டர் செல்லத்துரை அந்தப் பாஸ்போர்ட்டை வாங்கிப் புரட்டினான். ஆபீஸ் வராந்தாவில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

"தை பிறந்தா உன் தங்கச்சி மூட்டையக் கட்டணும் ராக்கப்பா."

"மூணு மாசம் இருக்கேய்யா. வந்து ஒரு மாசந்தானே ஆச்சு."

"வந்ததுல இருந்து இல்லடா, கண்டியில குத்துனதுல இருந்து. கப்பல் வராததுக்கு விசா என்ன பண்ணும்? விசாவுலயும் சாதி உண்டு, தெரியுமா? பாத்துட்டுப் போற விசா ஒண்ணு. படிக்க வர்றது ஒண்ணு. வேலைக்கு வர்றது ஒண்ணு. இங்கனயே கிடக்க வர்றது ஒண்ணு. ஒரு சாதிக்காரன் இன்னொரு சாதிக்காரன் வீட்டுல கை நனைக்கக் கூடாது. உன் தங்கச்சிக்கு விழுந்திருக்கது பாத்துட்டுப் போற விசா. பாத்தாச்சில்ல?"

"நீட்டிக் கேக்க வழி இல்லையாய்யா?"

"மனு போடணும். நான் எழுதித் தாரேன். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து விறகு பொளந்து போட்டுட்டு வாங்கிட்டுப் போ."

நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். ராக்கப்பனுக்குச் சுருக்கென்றது. நாற்பத்திமூன்று வயதில் யூனியன் ஆபீசில் ஞாயிறுதோறும் உட்கார்ந்து எழுத்துப் படித்தவன் அவன். அவன் லயத்தில் இருந்த பன்னிரண்டு வீட்டுக்கும் கடுதாசி படித்துச் சொல்வது அவன்தான்.

"நானே எழுதிக்கிடுவேன்யா."

"எழுதுவே. அணில், ஆடு, இலைன்னு வரிசையா எழுதுவே. அதைப் பாத்துட்டு ஆபீசர் ஈ, உரல், ஊசல்னு பதில் போடுவார்."

இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் அவனைப் பேனா எடுக்கவைத்தது. விறகு பிளந்திருந்தால் அரைநாளில் முடிந்திருக்கும்.

வீட்டில் கோடு போட்ட தாளை விரித்து உட்கார்ந்தான். பெயர், ஊர், பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் எழுதியாயிற்று. காரணம் எழுத வேண்டிய இடத்தில் சந்தனம் குறுக்கே வந்தாள்.

"மாமா, வயித்துல இருக்கதைப் பேப்பர்ல ஏத்தாதீக."

"பின்ன எப்படித் தாயி நாள் கேக்குறது?"

"மொதப் பிள்ளையத் தோட்டத்து ஆஸ்பத்திரி நோட்டுல எழுதுனாக. எழுதி எட்டாம் நாள் போச்சு. ரெண்டாவதையும் எழுதுனாக. அதுவும் போச்சு. இதை எழுத விடமாட்டேன். இன்னும் நோட்டுல பேரு கொடுக்கல நான்."

குருவம்மாளும் மகள் பக்கம் சாய்ந்தாள். "எழுதாதண்ணே. எழுத்துக்குக் கண்ணு உண்டு."

"விசேஷம்னு போடவா?"

"விசேஷம்னா ஊருக்கே தெரியுமே. வேற மாதிரிப் போடு."

ராக்கப்பன் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தான். வழியில் எவனாவது 'எங்க போற' என்று கேட்டால், வெளியே சொல்லக் கூடாத காரியமானால் நம் சனம் என்ன சொல்லும்? 'ஒரு வேலையாப் போறேன்' என்று சொல்லும். கேட்டவனும் மேலே கிண்ட மாட்டான். அந்த மரியாதையான சொல் கிடைத்ததும் அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உரக்கச் சொல்லிச் சொல்லி எழுதினான்.

"என் தங்கை குருவம்மாள் இங்கே ஒரு வேலையாக வந்திருக்கிறாள். அந்த வேலை முடிய மாசி கடைசி ஆகும். வேலை முடிந்ததும் நாங்களே கப்பல் ஏற்றி அனுப்பிவிடுகிறோம். ஐயா மனமிரங்கி அதுவரை தங்க உத்தரவு தர வேண்டியது."

"நல்லாருக்குண்ணே" என்றாள் குருவம்மாள். "யாரு கண்ணும் படாது."

மனு போன பத்தாம் நாள் ஒரு போலீஸ்காரர் லயத்துக்கு ஏறிவந்தார். மலையாளத்துக்காரர், தமிழ் தட்டித் தடுமாறி வரும். குருவம்மாளை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"கை காட்டு."

காட்டினாள். விரல் வெடிப்பிலெல்லாம் கறுப்பாகத் தேயிலைக் கறை ஏறிக் கிடந்தது.

"எத்தனை நாளா இங்க வேலை எடுக்குது?"

"நான் இங்க ஒரு இலை கிள்ளலைங்கய்யா. இது சிலோன் கறை. முப்பது வருசத்துக் கறை."

"கறையில சிலோன் கறை, மூணாறு கறைன்னு உண்டோ?"

"செத்தாத்தான் போகுங்கய்யா இது."

அவர் சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதினார். பக்கத்து வீட்டுக் காளியாத்தாள் ஓடிவந்து, இந்த அம்மா கூடையைத் தொட்டதே இல்லை என்று சத்தியம் செய்தாள். அதையும் எழுதிக்கொண்டாரா என்று யாருக்கும் தெரியாது.

மறுநாள் ராக்கப்பனைக் கீழே, மனு போன சர்க்கார் ஆபீசுக்கு வரச்சொன்னார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா அவனுடைய தாளையே எடுத்து அவன் முன்னால் போட்டார். மூன்று இடத்தில் சிவப்பு மையால் கோடு. மூன்றும் ஒரே சொல்லின் அடியில்.

"பாத்துட்டுப் போற விசாவுல வந்தவள் வேலைக்கு வந்ததா நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க. வேலை முடிய மாசி ஆகும்னும் எழுதியிருக்கு. சீசன் வேலையோ?"

"அது அந்த வேலை இல்லைங்கய்யா."

"பின்ன எந்த வேலை?"

"வேலைன்னா... வேலை இல்லைங்கய்யா. ஒரு வேலைன்னு பேச்சுக்குச் சொல்லுவோம்."

"வேலைன்னா வேலை இல்லை." குமாஸ்தா அடுத்த மேசையைப் பார்த்து அதைத் திருப்பிச் சொன்னார். அந்த மேசையும் சிரித்தது.

அப்புறம்தான் அவன் பிரசவம் என்ற சொல்லை வெளியே விட்டான். குமாஸ்தா கேட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரிச் சீட்டு எங்கே என்றார். நோட்டில் பேரே கொடுக்கவில்லை என்று இவன் சொன்னதும் தாளை மடித்து வைத்தார்.

"நேத்து வேலை, இன்னிக்குப் பிரசவம். நாளைக்கு என்ன சொல்லுவீங்க? கையில கறைன்னு போலீஸ் ரிப்போர்ட் வந்தாச்சு. முத்திரை முடியிற தேதிக்கு இந்த நாட்டை விட்டுப் போயிருக்கணும். இல்லேன்னா கேஸ், ஜெயில், அப்புறம் ஜென்மத்துக்கும் விசா கிடையாது. இதை எழுதினது யாரு?"

"தெரியலைங்கய்யா" என்றான் ராக்கப்பன். "எழுதத் தெரிஞ்ச யார்ட்டயோ எழுதி வாங்குனோம்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அவன் கையால் கெட்டான், வாயால் தப்பித்துக்கொண்டான். ஐந்து நாள்தான் மிச்சம் என்று தெரிந்துகொண்டு மலையேறினான்.

வீட்டில் எல்லோரும் அவன் வாயையே பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். போகத்தான் வேண்டுமாம் என்றான். சந்தனம் சுவரில் சாய்ந்தாள். குருவம்மாள் அழவில்லை.

"நான் இங்க வேலை பாக்குறேன்னு அவுகளுக்கு யாருண்ணே சொன்னது?"

ராக்கப்பன் வாயைத் திறந்தான். தங்கை முகத்தைப் பார்த்தான். "யாரோ எழுதிப் போட்டிருக்காக" என்றான்.

அது பொய்யும் இல்லை.

"வேற யாரு எழுதுவா இந்தத் தோட்டத்துல?" என்றாள் காளியாத்தாள். "அந்த ரைட்டர் பயதான். விறகு பொளக்க வரலைன்னு வஞ்சம் வச்சு எழுதியிருப்பான்."

எல்லோரும் ராக்கப்பனைப் பார்த்தார்கள். அவன் பீடி பற்றவைத்தான்.

போகிற அன்று மொக்கையன் மாமியாரை ராமேசுவரம் வரைக்கும் கொண்டுபோய்விடப் புறப்பட்டான். பஸ்ஸுக்குப் போகும் பாதையில்தான் செல்லத்துரை வீடு. குருவம்மாள் அந்த வாசலில் நின்றாள். குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரினாள். ராக்கப்பன் பின்னால் அவளுடைய தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"எம் மகளை அவ வேதனை நாள்ல தனியா விட்டுட்டுப் போக வச்ச கை எந்தக் கையோ, அந்தக் கை விளங்காமப் போகட்டும். எழுதின விரல் அழுகி விழட்டும். அவன் வீட்டுத் தொட்டில் ஆடாம நிக்கட்டும்."

மண்ணை வாசலில் தூற்றினாள். உள்ளே செல்லத்துரையின் மனைவி ஞானஜோதி இரண்டு பிள்ளைகளையும் இழுத்து அணைத்துக்கொண்டு நின்றாள். பெட்டியை எந்தக் கையில் பிடிப்பது என்று தெரியாமல் ராக்கப்பன் மாற்றி மாற்றிப் பிடித்தான்.

அவள் போன மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் சந்தனத்துக்கு வலி எடுத்தது. மாசிக்கு இன்னும் நாள் கிடந்தது. காளியாத்தாள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"காலு வருது. என்னால ஆகாது. வண்டி வச்சுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. ஒரு நாழி தாமசிச்சாலும் ரெண்டும் இல்ல."

வண்டி கூப்பிட ஒரே போன்தான்; அது ஆபீசில் இருந்தது. ராக்கப்பன் ஓடினான். தோட்டத்து மானேஜர் துரை வெளியே போயிருந்தார். செல்லத்துரை போனைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"கூப்பிடுறேன். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லு. உன் தங்கச்சி எதுக்கு என் வாசல்ல மண்ணு தூத்துனா?"

"ஐயா, பிள்ளைக்குக் காலு வருதுங்கய்யா."

"நாங்க வேதக்காரங்க, சாபத்துக்குப் பயப்படக் கூடாது. ஆனா எங்க வீட்டுல மூணு நாளா அடுப்புப் பத்தல. சின்னவனுக்கு ஜுரம். நான் எவன் மேலயும் மொட்டைக் கடுதாசி போட்டதில்ல. கீழ ஆபீசுல விசாரிச்சேன். அந்தத் தாளை அங்க எல்லாரும் படிச்சுச் சிரிச்சிருக்காங்க. எழுதுனது நீ."

"நாந்தாய்யா. போனை எடுங்கய்யா."

"வாயில சொன்னா காத்துல போயிரும்." ஒரு தாளையும் பேனாவையும் தள்ளினான். "எழுதிக் கொடு. உனக்குத்தான் எழுத்துத் தெரியுமே."

ராக்கப்பன் நின்றபடியே குனிந்து எழுதினான். அவன் எழுத்து எப்போதும் ஒவ்வொன்றாய்க் கல் சுமந்து வைப்பதுபோலத்தான் வரும். தன் பெயரை எழுதவே சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் நகர்ந்துவிட்டது. செல்லத்துரை எழுந்துவந்து தோளுக்கு மேலே பார்த்தான்.

"குருவம்மாளுக்குப் பெரிய ளகரம்டா. அடிச்சுத் திருத்திப் போடு. ரைட்டர் மேல குத்தம் இல்லைன்னும் எழுது. தேதி போடு."

போட்டான். செல்லத்துரை மை காயும்வரை ஊதிவிட்டு, அப்புறம்தான் போனைச் சுழற்றினான். வண்டி வந்தபோது சந்தனத்தின் சத்தம் நின்றிருந்தது. அவள் பிழைத்தாள். பிள்ளை வழியிலேயே, ஆற்றுப் பாலம் தாண்டும் முன்னால் வந்தது. பையன். நீலமாக இருந்தான்.

மொக்கையன் நான்காம் நாள் திரும்பினான். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெண்டாட்டியைப் பார்த்தான். மறுநாள் காலை, பேர் கூப்பிடும் களத்துக்கு எல்லோரோடும் வந்து நின்றான். களத்துப் பலகையில், வேலைக் கணக்கு ஒட்டும் இடத்தில், புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. சனம் அதைச் சுற்றி நின்றது. ஒருவருக்கும் படிக்கத் தெரியாது.

"கூலி கீலி கூட்டியிருக்கானா?" என்று யாரோ கேட்டார்கள்.

"மாமாவை விடுங்கப்பா, படிக்கட்டும்" என்று மொக்கையன் வழி விலக்கினான்.

ராக்கப்பன் பலகை முன்னால் நின்றான். கண் தெரியவில்லை என்று சொல்லிப் பார்த்தான். பனி விலகட்டும் என்றான். வெயில் ஏற்கெனவே தாளின் மேல் விழுந்து கிடந்தது. ஆபீஸ் வராந்தாவில் செல்லத்துரை கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தான்.

அவன் படித்தான். ஒவ்வொரு எழுத்தாகத்தான் அவனுக்குப் படிக்க வரும், மெதுவாகத்தான் வந்தது. ராக்கப்பனாகிய நான் எழுதிக் கொடுத்த மனுவினால்தான் குருவம்மாள் அனுப்பப்பட்டாள், ரைட்டர் மேல் குற்றம் இல்லை என்பதுவரை படித்து நிறுத்தினான். கூட்டத்தில் ஒரு கூடை சரிந்த சத்தம் மட்டும் கேட்டது.

மொக்கையன் கிட்டே வந்தான். கை ஓங்குவான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"கடைசியில இன்னும் என்னமோ எழுதியிருக்கே மாமா. அது என்ன?"

"தேதி."

"என்ன தேதி?"

ராக்கப்பன் சொன்னான். மொக்கையன் விரல்விட்டு நாளை எண்ணினான். பிள்ளை செத்த நாளில் விரல் நின்றது.

"அன்னிக்கு எந்நேரத்துக்கு எழுதுனீக?"

கங்காணி பேர் கூப்பிட ஆரம்பித்தார். மொக்கையன் நகரவில்லை; மாமனின் வலதுகையை மணிக்கட்டில் பிடித்துக்கொண்டு, அவன் முகத்தைத் தாளை நோக்கித் திருப்பினான்.

"மொதல்ல இருந்து இன்னொரு தடவை படிங்க."