கோடு வரைக்கும் ரத்தம்

தையல்கடை அக்காவுக்கும் அவள் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம் என்பது தெருவுக்கே தெரியும். அந்த நாத்தனாருக்கு வேலை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். ஆபரேஷனுக்கு முன்னால் அக்கா கையை நீட்ட வேண்டியிருந்தது அவளிடம்தான்.

மாதவிலக்கு நின்று சில வருஷம் கழித்து மறுபடி உதிரம் பட்டபோது, அக்கா அதை மூடி மறைக்காமல் டாக்டரம்மாவிடம் ஓடினாள். வாய் நீளம் என்று நாங்கள் பேசிச் சிரிக்கும் அதே வாய்தான் அன்று அவளைக் காப்பாற்றியது. கருப்பையின் உள்சுவரில் புற்றுநோய். ஆரம்பம்போலத்தான் இருக்கிறது, எடுத்துவிடலாம் என்றார்கள். வெள்ளிக்கிழமை என்று நாளும் குறித்தாயிற்று.

வியாழக்கிழமை காலையில் டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். துணைக்கு வந்த நாத்தனார் சுவரோரம் நின்றாள்.

"உங்க ரத்தம் உறைய ரொம்ப நேரம் பிடிக்குதேம்மா. இப்படியே கத்தி வச்சா ரத்தம் நிக்காது. ஆபரேஷனைத் தள்ளித்தான் போடணும்."

அக்கா நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். "உள்ள இருக்கிறது அதுவரைக்கும் வளராம கைகட்டிக்கிட்டு நிக்குமா டாக்டர்?"

"நிக்காதுதான். ஆனா இந்த ரிப்போர்ட்தான் எனக்குப் புரியல. ரத்தத்தை உறைய வைக்கிற புரதங்கள் இந்த நோயில பல பேருக்கு ஏறித்தான் இருக்கும். கால்ல ரத்தம் கட்டிக்குமோன்னுதான் நாங்க பயப்படுவோம். உங்களுக்குத் தலைகீழா இருக்கே!"

சுவரோரம் ஒரு தொண்டை கனைத்தது. "டாக்டர்... நீல மூடிக் குழாய்ல கோடு வரைக்கும் எடுக்கல. பாதியிலயே நிறுத்திட்டேன்."

அந்தக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க மருந்துநீர் அளந்து ஊற்றியிருக்கும். கோடுவரை நிரம்பினால்தான் கணக்கு சரி. குறைந்தால் மருந்துநீர் மிஞ்சிப்போய், நல்ல ரத்தம்கூட உறையாமல் அடம்பிடிக்கும். அப்படிக் குறைந்த குழாயைத் தூக்கி எறிய வேண்டிய மெஷின்காரரும், நம்ம பொண்ணு எடுத்ததுதானே என்று கண்ணை மூடிக்கொண்டு உள்ளே வைத்துவிட்டாராம்.

"ஏம்மா, உனக்குத் தெரியாததா இது?" என்றார் டாக்டரம்மா.

"தெரியும் டாக்டர். ஆனா அண்ணி ஏற்கெனவே வெளுத்துப் போய்க் கிடந்தாங்க. இன்னும் உறிஞ்ச மனசு வரல."

அக்கா நாத்தனாரை மேலும் கீழும் பார்த்தாள். "கல்யாணமான நாள்லேர்ந்து என் ரத்தத்தை உறிஞ்சினவளுக்கு, குழாய்ல எடுக்க மட்டும் மனசு வரலையாக்கும்!"

டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அக்கா மற்ற கையை நீட்டினாள். "எடுடி. கோடு வரைக்கும் எடு. கண்ணைத் தொடச்சிக்கிட்டு எடு, இல்லேன்னா மேசைக்கால்ல குத்திடப் போற."

மத்தியானம் முடிவு வந்தது. ரத்தம் உறைவதில் ஒரு குறையுமில்லை. சொன்னபடி வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நடந்தது.

கால்களில் ரத்தம் கட்டாமலிருக்க ஊசியும் நடையும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்புறம் தெருவுக்குத் தினமும் வேடிக்கைதான். ஜன்னலைத் திறந்தாலே போதும்.

"வேகமா நடங்க அண்ணி."

"நீ என்ன, குதிரை ஓட்டறியா?"

ஒரு சாயங்காலம் நடை பாதியில் அக்காவின் போன் அடித்தது. எடுத்த திசுவைச் சோதித்தாயிற்று. நோய் கருப்பையோடு நின்றுவிட்டது, வேறெங்கும் போகவில்லை என்றார் டாக்டரம்மா. காதை ஒட்டவைத்துக் கேட்ட நாத்தனார் யார் வீட்டு வாசற்படி என்றுகூடப் பார்க்காமல் பொத்தென்று உட்கார்ந்து, ஓவென்று அழ ஆரம்பித்தாள். என் வீட்டுப் படிதான். அதனால்தான் எனக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது.

அக்கா சிரித்துக்கொண்டே அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எழுந்திருடி. உட்கார்ந்தே இருந்தா கால்ல ரத்தம் கட்டிக்கும்."