மடிக்க இரண்டு, சுருங்க ஒன்று

எதிர்வீட்டில் நடப்பதை நான் வேலை மெனக்கெட்டுப் பார்ப்பதில்லை. என் சமையலறை ஜன்னல் அவர்கள் வாசலைப் பார்த்து இருக்கிறது, அவ்வளவுதான். அதற்காக ஜன்னலைப் பெயர்த்துப் பின்பக்கம் வைக்க முடியுமா? தெருவில் என்னை விளக்குக் கம்பம் என்பார்கள். உயரம் அப்படி. எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு வந்ததில்லை. நிமிர்ந்து நின்றால் போதும், எல்லாம் தெரிந்துவிடும்.

எதிர்வீட்டுக்காரருக்குப் பெயர் இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் அவர் அளவுகோல்தான். கட்டட வரைபடம் போடும் ஆபீசில் வேலை. சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் இருக்கும். ஒரு அலாரம் கடிகாரம் வாங்க நான்கு மாதம் யோசித்த மனிதர். அந்த நான்கு மாதமும் அவரை எழுப்பிவிட்டது அவர் மனைவி.

அவள் தையல்காரி. முன்னறையில் மெஷின், கழுத்தில் டேப். தெருவில் பாதிப் பேருடைய உடம்பு அவள் நோட்டில் எண்களாகக் கிடக்கிறது. எனக்குத் தனிப் பக்கம். கெட்டித் தையல், ஆனால் எதைத் தைத்தாலும் கொஞ்சம் நீளமாக வரும். கேட்டால், "துவைச்சா சரியாப் போயிடும்க்கா" என்பாள். என் உயரத்துக்கு எந்தத் துணியும் எட்டாது என்பதால் எனக்கு அது குறையாகவே பட்டதில்லை. இன்னொன்று, அவள் கத்தரிக்கோலை யாரும் தொடக்கூடாது. ஒருமுறை அளவுகோல் அதை எடுத்து வரைபடத்தாளின் ஓரத்தை நறுக்கிவிட்டு மூன்று நாள் பேச்சுத் துணை இல்லாமல் கிடந்தார்.

அவளுக்கு ஆஸ்பத்திரித் தையல் பிரிவில் வேலை கிடைத்தது. ஏழு வருடமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். படுக்கை விரிப்பு, அறுவை சிகிச்சை அங்கி எல்லாம் தைக்க வேண்டும். "சும்மா ஒரு தையல் போட்டுக் குடும்மா" என்று ஓசியில் நிற்கிறவர்கள் தொல்லை இல்லை. ஒரே நிபந்தனை, காலை ஆறு மணிக்கு மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் வாரத்தில் ஒருநாள் தாமதமானாலும் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவேன் என்று அங்கே மேற்பார்வை பார்க்கிற அம்மாள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். இங்கிருந்து ஆஸ்பத்திரி ஏழு கிலோமீட்டர். முதல் பஸ் கிளம்புவதே ஆறு ஐந்துக்கு.

"ஒரு சைக்கிள் வாங்கிக் குடுங்க, போதும்" என்றாள் கணவனிடம். வேலையில் சேர ஆறு வாரம் இருந்தது.

"ஆறு வாரமா? தாராளம்" என்றார் அவர். எனக்கு அப்போதே அந்த அலாரம் கடிகாரம் ஞாபகத்துக்கு வந்தது.

முதல் சனிக்கிழமை சைக்கிள் கடைக்குப் போனார்கள். துணைக்கு நானும் போனேன். யாராவது போகத்தானே வேண்டும். மெக்கானிக் குட்டையான, குண்டான ஆள், வாயில் எப்போதும் ஒரு ஸ்க்ரூவைக் கடித்துக்கொண்டிருப்பார். அவளை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தார். ஸ்க்ரூவை எடுக்காமலே, கொக்கியில் தொங்கிய பச்சை ஃபிரேம் ஒன்றைக் காட்டினார். பழைய ஸ்டீல் ஃபிரேம், நடுக்கம்பி சாய்ந்து இறங்கியது, பெயின்ட் உரிந்து அம்மை போட்டிருந்தது.

"இதுதாம்மா உங்களுக்கு. ரெண்டு நாள்ல பூட்டித் தர்றேன்."

"எப்படிச் சொல்றீங்க? அளந்தீங்களா?" என்றார் அளவுகோல்.

"பாத்தேனே சார்."

"பாத்தா?"

"முப்பது வருசமா இதைத்தானே சார் பாக்கறேன்."

அளவுகோல் என் பக்கம் திரும்பி, 'கேட்டீர்களா அநியாயத்தை' என்பது போலப் பார்த்தார். அப்புறம் ஃபிரேமைச் சுண்டினார், முகர்ந்தார், ஸ்கேலை வைத்தார். இது எந்த வகை ஸ்டீல் என்று எங்கும் எழுதியில்லை, சாய்ந்த கம்பி பலம் குறைவு, மேலும் கண்ணளவில் முடிவு செய்ய இது என்ன பூசணிக்காயா என்று வெளியே வந்துவிட்டார். ரெடிமேடாக நின்ற வண்டிகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"வண்டிக்கு ஏத்த ஆளா, ஆளுக்கு ஏத்த வண்டியா, நீயே சொல்லு" என்றார் மனைவியிடம்.

அவள் வாழ்நாளெல்லாம் ரெடிமேட் துணியைத் திட்டியே பிழைத்தவள். அதற்கு என்ன பதில் சொல்வாள்? மாட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம் வாசலில் நாற்காலி போட்டு, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு உள்ளே குரல் கொடுத்தார். "இந்தா, உன் கால் உள்ளளவு, கவட்டிலேர்ந்து குதிகால் வரைக்கும், எத்தனை அங்குலம்?"

உள்ளே மெஷின் நிற்கவில்லை. "முப்பத்தொண்ணு!"

"ஒரு தடவை அளந்து பாத்துடட்டுமா?"

"இருபது வருசமா தைக்கிறேன். என் அளவு எனக்குத் தெரியாதா? வேலையைப் பாருங்க!"

முப்பத்தொன்று என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். மையால்.

அதிலிருந்து அந்த முப்பத்தொன்றைப் பெருக்கி, வகுத்து, ஒரு முழு சைக்கிளை வரைபடத்தாளில் போட்டார். பக்கவாட்டுத் தோற்றம், முன் தோற்றம், மேலிருந்து பார்த்தால் எப்படி என்று மூன்று. ஓட்டுகிறவளின் இடத்தில் ஒரு முட்டையும் நாலு கோடும். "தலைமுடியாவது போட்டிருக்கலாம்" என்றேன். காதில் விழவில்லை.

நான்காவது வாரம், அந்த வரைபடத்தின்படி வெல்டிங் பட்டறையில் செய்யக் கொடுத்த ஃபிரேம் வந்தது. நேர் நடுக்கம்பி, கறுப்பு பெயின்ட், முகம் பார்க்கலாம். மெக்கானிக் தோளில் தூக்கி வந்து வாசலில் வைத்தார்.

"யாருக்கு சார் இது?"

"வீட்ல இருக்கறவங்களுக்குத்தான்."

மெக்கானிக் ஃபிரேமைப் பார்த்தார், உள்ளே மெஷினில் குனிந்திருந்தவளைப் பார்த்தார். "பெருசா இருக்கற மாதிரி..."

"கண்ணளவு!" என்றார் அளவுகோல்.

மெக்கானிக் வாயிலிருந்த ஸ்க்ரூவைக் கடித்துக்கொண்டு போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் என்ன கத்தினேனா? சுவரில் சாய்த்து வைத்த வெறும் ஃபிரேமைப் பார்த்தால் எனக்கு எல்லாமே சின்னதாகத்தான் தெரியும்.

பிறகு வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். ஹேண்டில்பார் மூன்று மாறியது. ஒன்று மணிக்கட்டுக்கு ஆகாதாம், ஒன்று முதுகுக்கு ஆகாதாம். மட்கார்டு டயரிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் விலகி இருக்க வேண்டும் என்பதில் ஒரு ஞாயிறு போனது. சீட்டுக்கு ஸ்பிரிங் வேண்டுமா வேண்டாமா என்பதில் இன்னொன்று. டைனமோ முன் சக்கரத்திலா பின் சக்கரத்திலா என்று தபால்காரரை நிறுத்தி வைத்துக் கேட்டார். பாவம், மனிதர் கடிதக் கட்டோடு பத்து நிமிடம் நின்றார். மூன்று மணிகளை என் கையில் கொடுத்து, தெருமுனைக்குப் போய் ஒவ்வொன்றாக அடிக்கச் சொன்னார். நான் போய் அடித்தேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். இரண்டாவது மணி நன்றாகத்தான் இருந்தது.

அவளோ தினமும் காலண்டரைப் பார்த்துக்கொண்டு மெஷினை மிதித்தாள். மிதிக்கிற வேகத்தில் அந்த மெஷினுக்குச் சக்கரம் வைத்திருந்தால் ஆஸ்பத்திரியே போய்ச் சேர்ந்திருப்பாள்.

"ஏங்க, திங்கட்கிழமை நான் எதுல போறது? அந்த மூணு தோற்றத்துல எதுல ஏறட்டும்?"

"ஞாயித்துக்கிழமை முடிஞ்சிடும்."

முடிந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். வேலையில் சேர்வதற்கு முந்தின நாள், ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, சக்கரத்தின் கோட்டத்தைக் கடைசியாக ஒருமுறை எடுக்க மெக்கானிக்கை வரவழைத்து, வண்டியை வாசலில் நிறுத்தினார். நல்ல வண்டிதான். பின்னால் அகலமான கேரியர், செயினுக்கு முழு மூடி, துணி மாட்டாது. நானே இறங்கிப் போய்த் தொட்டுப் பார்த்தேன்.

அவள் வந்தாள். நடுக்கம்பிக்கு மேல் காலைப் போட்டாள். போட்ட கால் அந்தப் பக்கம் இறங்கித் தரையைத் தேடியது, தரை கிடைக்கவில்லை. இரண்டு கட்டைவிரலிலும் நின்றாள், கம்பி இடித்து முகம் சுளித்தாள். நான் ஒரு பக்கம், மெக்கானிக் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, சீட்டில் ஏற்றினோம். மேல் பெடலில் ஒரு கால். கீழ்ப் பெடலோ விரல் நுனிக்கு நாலு விரற்கடை தள்ளி ஹாயாகத் தொங்கியது.

"சீட்டை இறக்குங்க" என்றார் அளவுகோல்.

இறக்கினார்கள். ஃபிரேமில் முட்டும்வரை இறக்கினார்கள். பெருவிரல் நுனி பெடலைத் தடவியது, அவ்வளவுதான்.

மெக்கானிக் வாயிலிருந்து ஸ்க்ரூவை எடுத்துவிட்டார். ஆறு வாரத்தில் முதல் தடவை. "யாரு சார் அளவு எடுத்தது?"

அளவுகோல் நோட்டைப் பிரித்து நீட்டினார். முப்பத்தொன்று, அடியில் இரண்டு கோடு.

மெக்கானிக் அவள் கழுத்து டேப்பை உருவி என்னிடம் நீட்டினார். அவளைச் சுவரோரம் நிறுத்தி நான்தான் அளந்தேன். இருபத்தெட்டு. இன்னொரு தடவை அளந்தேன். டேப்புக்கு என்ன வந்தது, அதே இருபத்தெட்டு.

அவள் காது சிவந்துகொண்டே வந்தது.

"முப்பத்தொண்ணுதான்" என்றாள் மெதுவாக. "மடிக்க ரெண்டு, சுருங்க ஒண்ணு."

"சுருங்கவா?" அளவுகோலின் குரல் கீச்சிட்டது. "கால் சுருங்குமா?"

"நான் துணி அளவுதானே சொன்னேன்! எப்பவும் விட்டுத்தான் சொல்லுவேன், பழக்கம்!"

"நான் கால் அளவு கேட்டேன்!"

"ஃபிரேமை மடிச்சுத் தைக்க முடியாதும்மா" என்றார் மெக்கானிக். வானத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஆறு வாரமா வண்டியை அளந்தீங்க, மட்கார்டை அளந்தீங்க, மணிச் சத்தத்தை அளந்தீங்க! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னை அது பக்கத்துல நிக்க வச்சுப் பாத்தீங்களா?"

"நான்தான் அளக்கறேன்னு கேட்டேன். நீதான் வேலையைப் பாருன்னே."

"எல்லாத்துலயும் நான் சொன்னதைக் கேட்டுட்டீங்க பாருங்க, அதை மட்டும் கேட்டீங்க!"

மெக்கானிக் விறுவிறுவென்று கடைக்கு நடந்தார், கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். தோளில் அந்தப் பச்சை ஃபிரேம், அம்மைத் தழும்போடு.

"சக்கரம் இதே அளவுதான். எல்லாத்தையும் கழட்டி இதுல மாத்தலாம். கடையில ரெண்டு வேலை நிக்குது, ஆனா பரவாயில்லை, பிடிங்க சார்."

அளவுகோல் வாய் திறந்தார். அவள் பார்த்தாள். மூடிக்கொண்டார்.

சக்கரம், செயின், கேரியர், மட்கார்டு எல்லாம் ஒவ்வொன்றாக மாறின. இரண்டாவது மணி மாறியது. ஏழு மணிக்கு மேல் ஒரு இடத்தில் சிக்கியது. பச்சை ஃபிரேமின் சொந்த சீட் கம்பி எப்போதோ தொலைந்துவிட்டது. கறுப்பில் இருந்த கம்பியைப் போட்டால் லொடலொடவென்று ஆடியது.

"புள்ளி நாலு மில்லிமீட்டர் இடைவெளி" என்றார் அளவுகோல், வெர்னியர் அளவுமானியைப் பிடித்துக்கொண்டு. அந்த நாளில் அவர் சொன்ன ஒரே உருப்படியான எண் அது.

"ஒரு தகரத் துண்டைச் சுத்திப் போட்டா கச்சுனு உக்காந்துடும்" என்றார் மெக்கானிக். "ஆனா தகரம் வெட்டற கத்தரி கடையில இருக்கு. கடையை எங்க அண்ணன் ஏழு மணிக்கே பூட்டிட்டு சாவியைக் கையோட எடுத்துட்டார். அவர் ஊருக்குப் போயிட்டார்."

நான் வீட்டுக்குப் போய் ஒரு காலி பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தேன். கையால் கிழிக்கிற சமாச்சாரமா அது? எல்லோரும் டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவள் உள்ளே போனாள். வரும்போது கையில் அவளுடைய கத்தரிக்கோல்.

"வேண்டாம்" என்றார் அளவுகோல். உண்மையாகவே பதறினார். "இந்தா, முனை போயிடும். வேற ஏதாவது பாக்கலாம்."

"எவ்வளவு நீளம்?"

"கம்பியைச் சுத்தினா... மூணு அங்குலம், மேல ஒரு நூல், அரைக்கால் அங்குலம்."

டப்பா மூடியில் டேப்பை வைத்து, சாக்கட்டியால் கோடு போட்டாள். வெட்டினாள். தகரம் கிறீச்சிட்ட சத்தத்தில் என் பல் கூசியது, அவள் கண்ணை இமைக்கவில்லை. வெட்டிய துண்டை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கி ஸ்கேலில் வைத்துப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"இதுல... மடிக்க ஏதாவது விட்டிருக்கியா?"

"வாயை மூடிட்டு சுத்துங்க."

சுற்றினார். கம்பி கச்சிதமாக உட்கார்ந்தது. அவள் ஏறினாள். ஒரு கால் பெடலில் நின்றது, இன்னொன்று தரையைத் தொட்டது. தெருமுனை வரை போய், திரும்பி, மணியடித்துக்கொண்டு வந்து நின்றாள். மெக்கானிக் எதுவும் பேசாமல் ஸ்க்ரூவை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். அவர் பேசாததை நான் பெருந்தன்மை என்பேன். நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை காலை ஐந்து இருபதுக்கு நான் ஜன்னலில் நின்றது பால் காய்ச்ச. அவள் கேரியரில் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் பின் விளக்கைக் குனிந்து பார்த்து, "ஒரு நிமிசம், இது ஒரு டிகிரி கீழ..." என்று ஆரம்பித்தார். அவள் மணியை ஒரே அடி அடித்துவிட்டுப் போய்விட்டாள். சாயங்காலம் வந்தபோது சொன்னாள், பன்னிரண்டு நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தாளாம். கதவைத் திறக்க ஆள் வரவில்லையாம்.

ஆனால் காலையில் நடந்தது இன்னும் முடியவில்லை. அவள் போன பிறகு அவர் வாசலிலேயே நின்றார். கையில் நோட்டு. சுவரோரம் அந்தக் கறுப்பு ஃபிரேம், வீட்டில் அவருக்கும் பெரிது, அவளுக்கும் பெரிது, பளபளவென்று சாய்ந்து கிடந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி, நேராக என் ஜன்னலைப் பார்த்தார். மேலிருந்து கீழாக. கண்ணளவு!

"அக்கா" என்றார், பேனாவைத் திறந்துகொண்டே. "உங்க கால் உள்ளளவு எவ்வளவு இருக்கும்?"

நான் ஜன்னலைச் சாத்தினேன்.