சட்டத்துக்குள் ஒரு கை

நாற்பத்தெட்டு அங்குலம். மனைவி கடைசி வரை படுத்திருந்த கட்டிலின் தலைப்பலகையில் தேறியது அவ்வளவுதான். மற்றதைப் பூச்சி அரித்திருந்தது. தேறியதை மரக்கடையில் ஒன்றரை அங்குல அகலத்தில் ஒரே நீளச் சட்டமாக அறுத்து, படம் உட்கார உள்ளோரத்தில் கால் அங்குலப் பள்ளமும் எடுத்துக் கொடுத்தார்கள். படக்கடையில் கொடுத்திருந்தால் மறுநாளே சுவரில் மாட்டியிருக்கலாம். ஆனால் அவள் தலைமாட்டில் இருந்த மரத்தில்தான் அவள் படம் இருக்க வேண்டும் என்று தையல்காரர் பிடிவாதமாக இருந்தார்.

மகள் கல்யாணத்தில் எடுத்த படம். பன்னிரண்டு அங்குல அகலம், பத்து உயரம். மனைவி தனியாக நின்ற படம் ஒன்றுகூட இல்லை. இதிலும் வலப்பக்கம் அவள் தங்கை நின்றாள். சின்ன வயதில் எங்கே போனாலும் அக்கா பின்னாலேயே போனதால் வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர்.

எதையும் முதலில் காகிதத்தில் வெட்டிப் பார்ப்பது அவர் தொழில் பழக்கம். முழுப் படத்துக்கு, சாய்த்து வெட்டும் மூலைகளையும் சேர்த்தால், ஐம்பத்துநாலு அங்குலச் சட்டம் வேண்டும். அகலத்தில் நாலு அங்குலத்தைக் குறைத்தால் நாற்பத்தாறு. மரம் போதும். வாலு போய்விடுவாள். "மரம் பத்தலை, நான் என்ன செய்ய?" என்று ஆண்டவனிடமும் சொல்லி வைத்தார்.

ஆண்டவன் அதை நம்பியிருக்க மாட்டார். அடக்கம் முடிந்த அன்று எல்லார் முன்னாலும், "முன்னாடியே பெரிய டாக்டர்கிட்ட காட்டியிருக்கலாமே, அத்தான்" என்று வாலு அழுதுவிட்டாள். அன்றிலிருந்து அவர் அவளோடு பேசுவதில்லை.

அவளே இப்போது வாசலில் வந்து நின்றாள்.

"உங்க பொண்ணு போன் பண்ணா. 'அப்பா மரத்தோட மல்லுக்கட்டுறாரு, போய்ப் பாரு சித்தி'ன்னா. நீங்க பேச வேண்டாம். உங்களுக்கும் சேர்த்து நானே பேசிடறேன்."

"ம்" என்றார்.

வெட்டும் மேசையில், படத்தின் மேல் காகிதச் சட்டம் கிடந்தது. அவள் குனிந்து பார்த்தாள்.

"வாலை ஒட்ட நறுக்கிட்டீங்க போல."

"மரம் பத்தலை."

"அதனால என்ன? அக்கா நல்லாத் தெரியுறா, அது போதும்." மனதாரத்தான் சொன்னாள். பிறகு விரலால் தொட்டுக் காட்டினாள். "ஆனா இந்தக் கையை என்ன பண்ணுவீங்க?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். காகித ஜன்னலுக்குள் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னாலிருந்து சுற்றி வந்த நான்கு விரல்கள் அவள் இடுப்பின் மறுபக்கத்தை இறுக்கிப் பிடித்திருந்தன. ஆள் இல்லை, கை மட்டும்.

"போட்டோவுல விழணும்னு ஒட்டிக்கிட்டு நின்னியே" என்றார் எரிச்சலோடு.

"அவளால நிக்க முடியலை, அத்தான். அவ்வளவு வலி. 'கையை எடுத்தேன்னா விழுந்துடுவேன்டி'ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னா. 'கல்யாணம் முடியிற வரைக்கும் அவர்கிட்ட மூச்சு விடாதே'ன்னா." அவள் குரல் இறங்கியது. "அன்னைக்கு நான் அழுதது உங்களை மட்டும் சொல்லி இல்ல. என்னையும் சேர்த்துத்தான்."

மகளைக் கட்டிக்கொடுத்த மகிழ்ச்சி என்று இத்தனை நாள் அவர் நினைத்திருந்த சிரிப்பு அது. பக்கத்தில்தான் நின்றிருந்தார், விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டு. மேசை விளிம்பைப் பிடித்தபடி அழுதார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தரையில் கிடந்த காகிதத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அவர் அழுது முடிக்கும்வரை அவளுக்குப் பொறுக்க ஏதோ இருந்தது.

பிறகு அவர் புதுக் காகிதம் விரித்தார்.

"முழுசா வைக்கணும்னா ஒரு பக்கத்துக்குக் குறையுது."

"எங்க ஜன்னல்ல கழட்டின கட்டை ஒண்ணு கிடக்கு. நிறம் ஒத்து வராது."

"வராதுதான்." கொஞ்சம் யோசித்தார். "கீழ்ப்பக்கத்துக்கு வச்சுக்கலாம். கண்ணாடியோட பாரத்தைத் தாங்குறது அதுதான்."

"எவ்வளவு வேணும்?"

"படம் பன்னிரண்டு. ரெண்டு பக்கமும் ஒன்றரை. பள்ளத்துக்குள்ள போற அரையைக் கழிச்சா, பதினாலரை. இந்தா, பிடி."

அவள் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அவர் காகிதத்தில் சாக்கட்டியால் கோடு போட்டார். போடும் முன், வழக்கம்போல் ஆண்டவனை நினைத்தார். இந்த முறை எதுவும் சொல்லி வைக்கவில்லை.