கேட்காமல் போன ஹாரன்

பொரியைத் தாளித்துச் செய்த உக்காணித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஓபுலேசு அதன் விளிம்பை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தார். ஒரு தடவையல்ல, திரும்பத் திரும்ப. பொரி ஆறிவிட்டது, பக்கத்தில் வைத்த மிளகாய் பஜ்ஜி தொய்ந்துபோய்க் கிடந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மனைவி சுங்கம்மாவும் மனுஷிதானே, எவ்வளவு நேரம் பொறுப்பாள்?

"தட்டப் போட்டு என்ன அழுத்து அழுத்துறீங்க? அது கத்திடவா போகுது?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். இரண்டு மாதமாக அந்த வீட்டில் எதைப் பேசினாலும் கடைசியில் ரயில் ஹாரனில்தான் போய் முட்டுகிறது.

குந்தக்கல்லில் அவர் இருபது வருடத்துக்கு மேலாகச் சரக்கு வண்டி ஓட்டுகிறார். ரயில் ஓட்டுகிற எவனுக்கும் ஒருநாள் அது வரும், வண்டியில் ஓர் உயிர் போகும் என்பார்கள், அவருக்கு இப்போதுதான் வந்தது. தலையில் கடலைக்கொடிச் சுமையோடு ஒரு பெரியவர் தண்டவாளத்தில் ஏறினார். கொடியிலிருந்து உதிர்ந்த செம்மண், முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டி, இடது செருப்பின் பச்சை வார் எல்லாம் ஓபுலேசுவுக்கு நினைவிருக்கிறது. கண்ணை மூடினால் அந்தப் பச்சை வார் வந்து நிற்கும். பிரேக் போட்டதும் நினைவிருக்கிறது. சத்தம் மட்டும் இல்லை. யாரோ காதை அடைத்துவிட்டது போல அந்தக் காட்சி முழுக்க ஊமையாக ஓடுகிறது. அப்படியானால் தான் ஹாரன் அடிக்கவேயில்லை, எச்சரிக்காமலேயே ஒரு மனுஷனைக் கொன்றுவிட்டோம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

பக்கத்தில் இருந்த உதவி ஓட்டுநர் இம்தியாஸ், அல்லாமீது ஆணையிட்டுச் சொன்னான், அண்ணன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை என்று. நல்ல பையன், என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான் என்று நினைத்தார் ஓபுலேசு. ரயில்வே ஆஸ்பத்திரி டாக்டரம்மாவும் பொறுமையாக விளக்கினார். உயிர்ப் பயம் வரும்போது மூளை ஏதாவது ஒன்றை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொள்ளும், மற்றதையெல்லாம் நழுவவிட்டுவிடும், செருப்பைப் பிடித்த மூளை சத்தத்தை விட்டிருக்கும், பதியவில்லை என்பதால் நடக்கவில்லை என்று ஆகிவிடாது என்றார். ஆறுதல் சொல்லித்தானே அந்தம்மா சம்பளம் வாங்குகிறார் என்று இவர் தலையாட்டிவிட்டு வந்தார். திங்கட்கிழமை மறுபடி டாக்டர் முன்னால் போய் நிற்க வேண்டும். இனி வண்டி வேண்டாம், ஷெட்டில் ஏதாவது வேலை கொடுங்கள் என்று கேட்பதாக உத்தேசம்.

சுங்கம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. வேலை போவதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை, மனுஷன் இப்படியே தட்டை அழுத்திக்கொண்டு கிழவனாகிவிடுவாரே என்றுதான் கவலை. அது நடந்த இடத்தில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வருவோம் என்று பிடிவாதமாக அவரைக் கிளப்பினாள்.

பஸ்ஸைவிட்டு இறங்கி வேகாத வெயிலில் நடந்தார்கள். தண்டவாளத்தைப் பார்த்ததும் ஓபுலேசு நின்றுவிட்டார். சுங்கம்மாவே தேங்காயை உடைத்தாள். குடிக்கத் தண்ணீர் கேட்டு அருகிலிருந்த வீட்டுக்குப் போனபோது, வேப்பமரத்தில் கட்டிய எருமைக்குப் பக்கத்தில் காலிப் பால் குவளையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் ஆதெம்மா என்றாள். தேங்காய் யாருக்கு என்று கேட்டாள். இங்கே செத்துப்போன பெரியவருக்கு, தெரிந்தவர்கள் என்று சுங்கம்மா மழுப்பினாள்.

"அவரு எம் மாமனாருதான்," என்றாள் ஆதெம்மா.

ஓபுலேசுவுக்கு அப்படியே திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. ஆதெம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் தன்பாட்டுக்குப் பேசினாள். மாமனாருக்குக் காது போய்ப் பல வருடமாம். கண்ணால் பார்த்துத்தான் தாண்டுவாராம், அன்றைக்குச் சுமை கண்ணை மறைத்துவிட்டதாம்.

"அன்னிக்கு அந்த வண்டிக்காரன் அடிச்ச ஹாரன் இருக்கே, அடிச்ச கைய எடுக்கவே இல்லக்கா. பாவம், அவனும் என்னதான் செய்வான்? ஊரே வெளிய ஓடி வந்துருச்சு. இந்த எரும முளையப் பிடுங்கிக்கிட்டு ஏரில போய் விழுந்துச்சு. அதிலருந்து ஹாரன் கேட்டாப் போதும், மடி கல்லாயிருது. கேட்ட அன்னிக்கு முழுக்கச் சொட்டுப் பால் கெடையாது."

ஓபுலேசு தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார்.

"நெசமாவே அடிச்சானாம்மா?"

"என்னண்ணா இப்படிக் கேக்கறீங்க? நான் சொன்னா நம்பிக்கை இல்லன்னா எருமையக் கேளுங்க."

அந்த ஹாரன் ஊருக்கெல்லாம் கேட்டிருக்கிறது. வாயில்லா ஜீவன்கூட அதை இன்னும் உடம்பில் வைத்துக்கொண்டு நிற்கிறது. அதைக் கேட்காமல் போனவர்கள் இரண்டே பேர். ஒருவர் செத்துப்போனார், இன்னொருவர் தான் என்று நினைத்ததும் ஓபுலேசுவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மறைக்கவில்லை. மறைத்தால் இந்தப் பெண்ணுக்குத் துரோகம் என்று தோன்றியது.

"வண்டி ஓட்டினது நான்தாம்மா."

ஆதெம்மாவின் கை குவளைமேல் அப்படியே நின்றது. திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று சுங்கம்மா புருஷனின் முன்னால் போய் நின்றுகொண்டாள். ஆதெம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்தது. முந்தானையால் துடைத்தாள், மறுபடி நிறைந்தது.

"அவருக்குத்தான் கேக்கலண்ணா," என்றாள். "எங்களுக்கெல்லாம் கேட்டுச்சு."

அப்போது தூரத்தில் ஒரு வண்டி வந்தது. ஹாரன் நீளமாக அடித்தது. எருமை அசைபோடுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கியது, விலாத் தோல் அலை அலையாக நடுங்கியது. ஓபுலேசு எழுந்து போய் அதன் கழுத்தை அணைத்துக்கொண்டார். ஒன்றுமில்லை, இப்போது போய்விடும் என்று அதன் காதருகே சொன்னார். அவர் உடம்பும்தான் நடுங்கியது. இருவரும் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். வண்டி மண்ணைக் கிளப்பிக்கொண்டு கடந்தது. கடைசிப் பெட்டி போகும்வரை ஒவ்வொரு சத்தத்தையும் அவர் கேட்டார்.

பிறகு எருமையின் தாடை மெல்ல அசையத் தொடங்கியது. ஆதெம்மா குவளையை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு காம்பை இழுத்தாள். வரவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி இழுத்தாள். காலிக் குவளையின் அடியில் மெல்லியதாகப் பால் விழும் சத்தம் கேட்டது.