இரண்டு கையெழுத்துக் கணக்கு

மாசம் பிறந்துவிட்டால் சூடாமணிக்கு இப்போதும் கால் கிழக்கே கோட்டைப் பக்கம் இழுக்கும். அங்கே இருக்கிற பேங்கில் இப்போது அவளுக்குக் காரியம் என்று ஒன்றும் கிடையாது. பெங்களூரிலிருந்து பெண் ஆஷா அனுப்புகிற பணம் தானாக வந்து கணக்கில் விழுகிறது. தெருமுனை மெஷினில் கார்டைச் சொருகினால் நோட்டு வந்துவிடுகிறது. சௌகரியம்தான், யார் இல்லை என்றது? ஆனால் கூட ஒரு ஆளை அழைத்துக்கொண்டு, புடவை மாற்றிக்கொண்டு, மழையானால் ஒரே குடையில் இடித்துக்கொண்டு பேங்குக்குப் போன சுகம் இதில் எங்கே இருக்கிறது? அவர் போன பிறகு அந்தப் பக்கம் அவள் தனியாகப் போவதும் குறைந்துவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஸ்ரீவராகத்தில் அவர்கள் தெருவில் பென்ஷன் வராத வீடு எது என்று தேடினால் சூடாமணியின் புருஷன் பஞ்சாபகேசன் வீட்டில் வந்துதான் நிற்க வேண்டும். இடது பக்கத்து வீடு செக்ரடேரியட், வலது பக்கம் ஏ.ஜீஸ் ஆபீஸ், எதிர்வீடு மின்சார வாரியம். பஞ்சாபகேசன் மட்டும் ஆரியசாலையில் கோலப்பனின் மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதினார். சாயங்காலம் சட்டையில் மிளகு வாசனையோடு வருவார். சம்பளம் ஒழுங்காக வரும். அவர் படுத்துக்கொண்டால் அதுவும் படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

ஆஷாவுக்கு நாலு வயசில் மஞ்சள்காமாலை வந்தபோதுதான் அது உறைத்தது. உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார்கள். கையில் பணம் இல்லை. முன்பணம் கேட்கப் போன பஞ்சாபகேசன், முதலாளி சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து வருகிறவரை கடை வாசலில் காத்து நின்றார். கோலப்பன் தங்கமான மனுஷர், கேட்ட வாய் மூடுவதற்குள் எடுத்துக் கொடுத்தார். ஆனாலும் குழந்தை அங்கே கிடக்க, இங்கே ஒருவர் தூங்கி எழுவதற்காக நின்றோமே என்பது பஞ்சாபகேசனைக் குடைந்துகொண்டே இருந்தது. குழந்தை தேறி வீட்டுக்கு வந்த அதே வாரம் புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய்க் கணக்கு ஆரம்பித்தார்கள். ஆபத்துக்கென்று ஒரு பணம், வேறு எதற்கும் தொடக் கூடாது என்று பேச்சு.

யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டால் எடுக்கிற மாதிரி வைத்துக்கொள்ளலாமே என்று பேங்க் ஆபீசர் சொன்னாராம். இரண்டு பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். ஒருவரைப் பற்றி ஒருவருக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு யார் வந்து நின்றாலும் சட்டைப்பையைக் கவிழ்த்துவிடுகிற ஆள் பஞ்சாபகேசன். சூடாமணி மற்றபடி கெட்டி. ஆனால் சாலைக் கடைத்தெருவில் வெண்கலப் பானை ஒன்று பளபளத்தால் போதும், அந்தக் கெட்டித்தனம் எங்கே போகும் என்று தெரியாது. அதனால் எடுக்க வேண்டுமானால் இரண்டு கையெழுத்தும் வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றால் மற்றவர் மறுபடி கேட்கக் கூடாது. இந்த இரண்டாவது சட்டம் பேங்குக்குத் தெரியாது, அவர்களே போட்டுக்கொண்டது.

பணம் போட ஒருவர் போனால் போதும். ஆனாலும் முதல் வாரத்தில் ஒரு நாள் பஞ்சாபகேசன் கடையில் சொல்லிவிட்டு நடுவில் எழுந்து வருவார். சூடாமணி ஹிந்தி டியூஷனில் வந்த பணத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கிளம்புவாள். போட்டு முடித்ததும் பக்கத்து ஹோட்டலில் ஒரு மசால் தோசை, பாதிப் பாதி. சேர்த்த கையோடு செலவா என்று அவள் முணுமுணுப்பாள். மிச்சம் பிடித்ததற்குக் கூலி வேண்டாமா என்று அவர் தோசையின் மொறுமொறுப்பான பாதியை அவள் பக்கம் தள்ளுவார். இப்போது நினைத்தால், கல்யாணமான புதிதில்கூட அவர்கள் அப்படிச் சேர்ந்து சுற்றியதில்லை.

போட்டதுதான் உண்டு, எடுத்ததே கிடையாது. உலகக் கோப்பை வந்த வருஷம் கலர் டி.வி. வேண்டும் என்று அவர் குழைந்து பார்த்தார். கிரிக்கெட் பார்க்காவிட்டால் உயிருக்கு ஆபத்தா என்று அவள் ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள். மனுஷர் எதிர்வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தார். அடுத்த வருஷம் தன் தம்பி கல்யாணத்துக்கு நல்லதாக ஒரு பட்டுப் புடவை என்று அவள் இழுத்தாள். வேண்டாம் என்றார் அவர். இருந்த புடவையையே கட்டிக்கொண்டு போனாள், பந்தியில் அவருக்குப் பாயசம் பரிமாறாமல் தாண்டிப் போய்ப் பழி தீர்த்துக்கொண்டாள். பிறகு, இரட்டிப்பாக்கித் தருகிறோம் என்று ஒரு ஃபைனான்ஸ்காரன் கடை கடையாகச் சுற்றினான். பஞ்சாபகேசனுக்கு ஆசை வந்தது. அவள் வேண்டாம் என்றாள். ஓணம் வருவதற்குள் அந்தக் கம்பெனி வாசலில் பூட்டுத் தொங்கியது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை என்பார் பஞ்சாபகேசன்.

தொண்ணூற்றொன்பதில் ஒரு நாள் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். இருதயத்தில் வால்வு கெட்டுப்போயிருக்கிறது, ஆபரேஷன்தான் வழி, தள்ளிப்போடக் கூடாது என்றார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஐம்பதாயிரம் கட்டினால் அடுத்த வாரம் தேதி தருவார்கள். மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகக் கோலப்பன் ஆள் அனுப்பியிருந்தார். கணக்கில் ஐம்பதாயிரமும் அதற்கு மேல் சில்லறையும் இருந்தது. எட்டு வருஷத்து மசால் தோசைகள் வீண்போகவில்லை என்று சூடாமணிக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. மருந்துக்கும் ஆட்டோவுக்கும் ஆகட்டும் என்று சில்லறையையும் சேர்த்துப் பணம் எடுக்கிற பேங்க் ஃபாரத்தில் எழுதி, தன் கையெழுத்தைப் போட்டு, வியாழக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பஞ்சாபகேசன் அதைப் படித்தார். பேனாவை வாங்கிக்கொள்ளவில்லை.

"வேண்டாம், சூடாமணி."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "ஆபத்துக்குன்னு வெச்சதல்லவா? பின்னே இது என்னவாக்கும்?"

"இது எனக்கு வந்த ஆபத்து. உனக்கும் ஆஷாவுக்கும் உள்ளது இனிமேதான். கத்தி வெச்சா பொழைப்பேன்னு டாக்டரே தீர்த்துச் சொல்லலை. நானும் போய், பணமும் போச்சுன்னா நீ என்ன பண்ணுவே? பென்ஷன் இல்லாதவன் ஆத்துக்காரியாக்கும் நீ."

கணக்கெழுதுகிறவர் போட்ட கணக்கு, அதில் பிசகு கண்டுபிடிக்க முடியாது. மாத்திரையிலேயே ஓட்டிக்கொண்டு கொஞ்ச நாள் கடைக்குப் போவதாகவும் சொன்னார். எத்தனை நாள் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒருவர் வேண்டாம் என்றால் மற்றவர் மறுபடி கேட்கக் கூடாது. எட்டு வருஷமும் அவள் அதை மீறியதில்லை. ஃபாரத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கட்டில்காரருக்குக் கஞ்சி வந்தது, அவர் குடித்தார், பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். அவளுக்குப் பயமாக இருந்தது. இவர் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தாள். அதோடு கோபமும் வந்தது.

"நீங்க போயிட்டேள்னா, ரெண்டாம் கையெழுத்துக்கு நான் யார்கிட்ட போறது?"

"அதுக்கெல்லாம் பேங்க்ல ஒரு ஃபாரம் உண்டு. எழுதிக் கொடுத்தா போதும், உன் பேருக்கு மாத்திடுவா."

"அந்த ஃபாரம் எங்கிட்ட வேண்டாம்னு சொல்லுமா?"

பஞ்சாபகேசன் நிமிர்ந்து பார்த்தார்.

"பட்டுப் புடவை கேட்டா வேண்டாம்னு சொல்றதுக்கு எனக்கு ஆள் வேணும்," என்றாள் சூடாமணி. "பணத்தை நான் தனியா வெச்சுண்டு என்ன பண்ண?" நாலு பேர் பார்க்க ஆஸ்பத்திரியில் அழக் கூடாது என்றுதான் வந்திருந்தாள். அழுதுவிட்டாள்.

அவர் கையை நீட்டி ஃபாரத்தை வாங்கிக்கொண்டார். மடிப்பைப் பிரித்து, முழங்காலில் வைத்து நீவி, மறுபடி ஒருமுறை படித்தார். பிறகு பேனாவை எடுத்து, அவள் எழுதியிருந்த தொகையை ஒரு கோடு போட்டு அடித்தார்.

அடித்ததற்கு மேலே அவர் ஐம்பதாயிரம் என்று மட்டும் எழுதினார். சில்லறையை விட்டுவிட்டார். கீழே தன் கையெழுத்தைப் போட்டு, அடித்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றும் போட்டு, பேனாவை அவளிடம் நீட்டினார்.

"நீயும் இங்கே ஒண்ணு போடு. அடிச்சு எழுதினா ரெண்டு பேரும் போடணும்."

எதற்கு அடித்தீர்கள் என்று அவள் கேட்டாள்.

"நீ எழுதின மாதிரி பைசா பாக்கியில்லாம எடுத்தா கணக்கை மூடிடுவா. அடுத்த மாசம் நாம எங்கே கொண்டுபோய்ப் போடறது?"

அடுத்த மாசம் அவரால் படியிறங்க முடியவில்லை. அதற்கடுத்த மாசம் இரண்டு பேருமாகப் போனார்கள்.